முகப் பவுடரும் ஒளியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களிற் பாதிக்கு மேற்பட்டவை கலியாண முகங்களைப் பற்றியவை. எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பதை எழுதாமல் நிறத்தைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று முன்னரும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

பவுடர் பூசியதும் முகத்தின் மினுக்கம் எங்கே போகிறது? (சுன்னாகம்)

எங்கும் போவதில்லை, பல திசைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதம் தோலின் மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்ப, மீதி உள்ளே நுழைகிறது. எண்ணெய்ப்பசை தோலின் நுண்ணிய பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கும்போது, அந்தச் சிறு பங்கு முழுவதும் ஒரே திசையில் வருவதால், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மின்குமிழின் உருவமே தெரிந்துவிடுகிறது. பவுடர்த் துணிக்கைகள் அந்த மட்டத்தைக் குலைத்து, எண்ணெயையும் ஓரளவு உறிஞ்சி, ஒழுங்கான தெறிப்பைப் பரவல் தெறிப்பாக மாற்றுகின்றன.

காலையிற் பூசும் பவுடர் மதியத்துக்குள் காணாமற் போகிறது. தரக்குறைவான பவுடரா? (காரைநகர்)

பவுடரிற் பிழையில்லை. திருநீற்றை நீரிற் குழைத்துப் பூசும்போது குறி மங்கலாக இருந்து, காய்ந்த பின்னரே பளிச்சென்று வெண்மையாவதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். வெண்மை துணிக்கையில் மட்டும் இல்லை. துணிக்கைக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இடையிலுள்ள முறிவுச்சுட்டி (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) வேறுபாட்டில் இருக்கிறது. பவுடரின் முக்கிய கனிமமான டல்க்கின் சுட்டி சுமார் 1.6, வளியினது 1, நீரினது 1.33, தோலில் ஊறும் எண்ணெயினது 1.5 அளவில். துணிக்கைகளுக்கு இடையே வளி இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும், ஒளி பெரிதாகச் சிதறாமல் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. நீராயின் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. ஆகவே அதன் மேல் இன்னொரு படை பூசாமல், மெல்லிய தாளால் ஒற்றி எடுத்த பின்னரே பூசுங்கள்.

பவுடர் வெயிலிலிருந்து காக்குமா? (பருத்தித்துறை)

குடையை எடுத்துச் செல்லுங்கள். சூரியக் காப்புப் பூச்சுகளைச் சோதிப்பது சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில். முகம் முழுவதற்கும் அது ஒரு கிராமுக்கு மேல் வரும். அவ்வளவு பவுடரை எவரும் பூசுவதில்லை.

தங்கையின் கலியாணப் படங்களில் முகம் சாம்பல் பூத்ததுபோலவும் கழுத்தும் கைகளும் வேறொருவருடையவை போலவும் இருக்கின்றன. கமராவின் பிழையா? (சாவகச்சேரி)

கமரா கண்டதைக் காட்டியிருக்கிறது. மாநிறத் தோலினுள் நுழையும் ஒளியில் நீலத்தை மெலனின் என்னும் தோலின் நிறப்பொருள் கூடுதலாக உறிஞ்ச, பச்சையிற் பெரும்பங்கைக் குருதி உறிஞ்ச, எஞ்சிய செம்மை வெளியே வருவதனாலேயே அத்தோலுக்கு ஆழமும் உயிர்ப்பும் கிடைக்கின்றன. நிறம் இரண்டு படி வெளிறிய பவுடரில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்ணிறப் பொருள் மிகுதி; அதன் சுட்டி 2.5க்கு மேல் என்பதால் எண்ணெயில் ஊறினாலும் அது மறையாது. (புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலுள்ள இல்மனைற்று என்னும் தைத்தேனியக் கனிமந்தான் இந்த வெள்ளைக்கு மூலப்பொருள்களில் ஒன்று என்பது வேடிக்கை.) கறுத்த சுவரின் முன்னால் அடுப்புப் புகை நீலமாகத் தெரிவதைப் போல, கருமையான அடித்தளத்தின் மேல் மெல்லிய வெண்படை நீலத்தைச் சற்றுக் கூடுதலாகச் சிதறுகிறது, கீழிருந்து வரவேண்டிய செம்மையோ தடைப்படுகிறது. விளைவு சாம்பல். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒட்சைட்டுகள் தோலுக்கேற்ற அளவிற் கலந்த பவுடரில் இந்தச் சிக்கல் எழாது.

என் பெறாமகளின் கலியாணத்தில், வேண்டாமென்று நான் நின்று சொல்லியும், அலங்கரிக்க வந்தவர் "படத்துக்கு எடுப்பாக இருக்கும்" என்று வெளிறிய பவுடரை அப்பிவிட்டார். சிவந்த கூறைக்கு மேலே சாம்பல் முகம். அந்த அல்பத்தை அவள் இன்றுவரை ஒருவருக்கும் காட்டியதில்லை. மாநிறம் திருத்தப்பட வேண்டிய பிழை என்று இவர்களுக்கு யார் கற்பித்தார்களோ தெரியவில்லை. பவுடர் எவரையும் வெள்ளையாக்காது, உள்ள நிறத்தின் முன்னால் ஒரு திரையைத் தொங்கவிடும். தாடையோரத்தில் சிறிது பூசி, விறாந்தைக்கு வந்து பகல் வெளிச்சத்திற் பாருங்கள். எல்லை தெரியாத பவுடரே உங்களுடையது.

நிறமற்ற பவுடர் என்று வாங்கினேன். பிளாஷ் படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டுகள். (கோண்டாவில்)

அது பெரும்பாலும் சிலிக்கா. சுட்டி 1.46 என்பதால் எண்ணெயில் மறையும். உலர்ந்து மிஞ்சியது மறையாது. பிளாஷ் வில்லைக்கு மிக அருகில் இருப்பதால், உலர்ந்த தூள் சிதறும் ஒளி நேரே கமராவுக்குத் திரும்புகிறது. மிகுதியைத் தூரிகையால் தட்டிவிட்டு, புறப்படுமுன் பிளாஷுடன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

எந்தப் பவுடர் நல்லது? படம் அனுப்பியுள்ளேன். (ஊர் குறிப்பிடவில்லை)

வயது, தோலின் தன்மை, வெளிச்சம் எதுவும் எழுதவில்லை. அனுப்பிய படமோ கைத்தொலைபேசி மெழுகி அனுப்பியது. அதிற் தோலே இல்லை.

மினுங்கும் பவுடரில் இருப்பது கண்ணாடித் தூளா? (நெல்லியடி)

பெரும்பாலும் மைக்கா என்னும் படலம் படலமாக உரியும் கனிமத்தின் நுண்தகடுகள். அவற்றின் மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு சுமார் 50 நனோமீற்றர்த் தடிப்பிற் படிந்திருந்தால் வெள்ளி மினுக்கம்; தடிப்புக் கூடக்கூடப் பொன், சிவப்பு, நீலம் என்று மாறும். மழைநீரில் மிதக்கும் மண்ணெண்ணெய்ப் படலத்தின் நிறங்களும் இதே தலையீட்டு விளைவுதான்: படலத்தின் மேலும் கீழும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் நிறம் காட்டுகின்றன. தட்டையான தகடுகள் ஒளியை ஒரு திசையில் திருப்புவதால், கன்ன மேட்டில் அழகாகவும், துளைகள் பெருத்த மூக்கில் அவலட்சணமாகவும் இருக்கும். எந்தப் பவுடராயினும் முகத்துக்கு நேரே ஊதாதீர்கள், குழந்தைகள் அருகில் இருக்கும்போது தட்டவும் வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு உரியதன்று.