1911 பிஸ்டலில் எந்தக் கம்பெனி செய்தது நம்பகமானது? அது அடிக்கடி ஜாம் ஆகும் என்பது உண்மையா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் வசிக்கிறார், முதல் 1911-ஐ வாங்கப் போகிறார். க்ளாக் கம்பெனியின் நவீன பிஸ்டல் வைத்திருக்கும் நண்பர்கள் "பழைய டிசைன், ஜாம் ஆகும்" என்று பயமுறுத்துகிறார்களாம். கடையிலோ 500 டாலரில் ஒன்று, அதற்கு ஏழெட்டு மடங்கு விலையில் இன்னொன்று, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. எதை எடுப்பது என்கிறார்.

நான் டெக்சாஸில் மெஷினிஸ்ட் வேலை செய்கிறேன். பல வருடங்களாக அதிகம் சுடுவதும், கழற்றிப் பார்ப்பதும் இந்தத் துப்பாக்கியைத்தான். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5 அங்குலக் குழல், .45 ஏசிபி தோட்டா, இரும்பு ஃப்ரேம் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்), 7 தோட்டா மேகசின் என்று இதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் வகுத்த அளவுகளை ஒட்டியே செய்த 1911 நன்றாக ஓடும். பட்ஜெட் கம்பெனி செய்ததும் ஓடும். அந்த அளவுகளை விட்டு விலக விலக, விலகியதைச் சரிக்கட்டத் தெரிந்த கை தேவைப்படும். அந்தக் கைக்குத்தான் கூடுதல் விலை. கம்பெனிகளை நான் எடைபோடுவது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

"பழைய டிசைன்" என்பதற்குப் பதில் 1911 மார்ச்சில் நடந்த ராணுவச் சோதனையில் இருக்கிறது. கோல்ட், சேவேஜ் என்று இரண்டு கம்பெனிகளின் பிஸ்டல்கள் கடைசிச் சுற்றில் மோதின. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள். சூடு தாங்காமல் போனால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். சேவேஜ் 37 முறை தகராறு செய்தது. பிரௌனிங்கின் கோல்ட் ஒரு முறைகூட நிற்கவில்லை. அந்த மாதம் 29-ஆம் தேதியே அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை அதுதான் அங்கே முதன்மைக் கைத்துப்பாக்கி. இரண்டு உலகப்போர்கள், கொரியா, வியட்நாம் எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டன. ஜாம் ஆவதே இயல்பான ஒரு துப்பாக்கியை 74 ஆண்டுகள் எந்தச் சிப்பாயும் இடுப்பில் சுமந்திருக்க மாட்டான்.

நண்பர்களின் க்ளாக்கும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். 1911-இல் குழலின் மேல்புறத்து மேடுகள், அதை மூடி முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் உட்புறப் பள்ளங்களில் பூட்டிக்கொண்டிருக்கும். சுட்டதும் இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் வரும். குழலுக்கு அடியில் இருக்கும் சின்ன லிங்க் அதன் பின்முனையைக் கீழே இழுத்துப் பூட்டைக் கழற்றிவிடும். அதன்பிறகு ஸ்லைடு மட்டும் பின்னால் போய், காலி உறையை வெளியே எறிந்து, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்தச் சாய்குழல் தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. லிங்குக்குப் பதிலாகச் சரிவு வெட்டியிருப்பார்கள், அவ்வளவே. இந்திய ராணுவத்தில் நெடுங்காலம் இருந்த இஷாப்பூர் 9 எம்எம் பிஸ்டலும் பிரௌனிங் ஹை-பவர் வழி வந்ததே.

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலத் தயாரிப்பாளர்களைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. கோல்ட் மட்டும் செய்து ராணுவத்தின் தேவையைத் தீர்க்க முடியவில்லை. ஆகவே நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் ரெமிங்டன் பெயரோடு இருந்தனவே, அந்தத் தட்டச்சு இயந்திரங்களைச் செய்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனியிடம் பிஸ்டல் செய்யச் சொன்னார்கள். வேட்டைத்துப்பாக்கி செய்த இதாக்காவிடம் சொன்னார்கள். ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியும் சேர்ந்தது. தையல் மெஷின் சிங்கர் வெறும் 500 மட்டும் செய்தது. இன்று ஏலத்தில் அந்த 500-க்கு அடித்துக்கொள்கிறார்கள். போரில் மிக அதிகமாகச் செய்தது கோல்ட் இல்லை. தட்டச்சுக் கம்பெனிதான், எட்டு லட்சத்துக்கும் மேல்.

தட்டச்சுக் கம்பெனியின் பிஸ்டல் போர்க்களத்தில் எப்படி ஓடியது? ராணுவம் எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவு கேஜ்கள், ஒரே பரிசோதனை என்று வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் ஸ்லைடு இன்னொரு கம்பெனியின் ஃப்ரேமில் ஏறியாக வேண்டும். ரெமிங்டன் ராண்டுக்கும் ஆரம்பத்தில் இதில் சறுக்கல் வந்தது. பாகங்கள் மாற்றிப் பொருந்தவில்லை என்பதால் 1943-இல் உற்பத்தியை நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் தொடர்ந்தார்கள். கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டு அளவை மட்டும் பார்த்தால் தரம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1945-க்குப் பிறகு அந்தக் கண்டிப்பு போய்விட்டது. காப்புரிமை ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது, ராணுவமும் புதிதாகப் பெரிய அளவில் வாங்கவில்லை. அதன்பின் யார் வேண்டுமானாலும், எந்த அளவிலும் செய்து, பக்கத்தில் 1911 என்று பொறித்துக்கொள்ளலாம். க்ளாக் என்றால் ஒரே கம்பெனி, ஒரே வரைபடம். 1911 என்றால் எத்தனையோ கம்பெனிகள், ஆளுக்கொரு அர்த்தம். 3 அங்குலக் குழல் வைத்த குட்டைத் துப்பாக்கி ஜாம் ஆனாலும் பழி பிரௌனிங் மேல்தான் விழுகிறது.

நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களிலிருந்து வந்தவை.

முதலாவது எக்ஸ்ட்ராக்டர். காலி உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி இது. பிரௌனிங் இதை ஸ்லைடுக்குள் நுழையும் ஒரே நீளத் துண்டாகச் செய்தார். தனி ஸ்பிரிங் கிடையாது. அந்தத் துண்டே ஸ்பிரிங் எஃகு, லேசாக வளைந்திருக்கும், அந்த வளைவுதான் பிடி. வளைவு குறைந்தால் உறை நழுவும், கூடினால் அடுத்த தோட்டாவின் விளிம்பு கொக்கிக்குள் ஏறாது. சரியான வளைவைக் கொடுப்பது ஃபிட்டரின் கை வேலை. இங்கேதான் மலிவான தயாரிப்பு கோட்டை விடும். உலோகத்தூளை அச்சில் செலுத்திச் சுட்டெடுக்கும் எம்ஐஎம் முறையில் எத்தனையோ சின்னப் பாகங்கள் நன்றாகவே வருகின்றன, அதில் எனக்கு மறுப்பில்லை. எக்ஸ்ட்ராக்டரை மட்டும் ஸ்பிரிங் எஃகுக் கம்பியிலிருந்து கடைந்ததாகத்தான் நான் ஏற்பேன். தெரிந்த ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கியது மேகசினுக்கு ஒரு முறை உறையை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றி வளைவைச் சரிசெய்து போட்டதும் அந்தத் தொல்லை போய்விட்டது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-இல் தன் 1911-ஐக் கொண்டுவந்தபோதே, சுருள் ஸ்பிரிங் வைத்த வெளிப்புற எக்ஸ்ட்ராக்டரோடு கொண்டுவந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிம்பரும் 2000-களின் தொடக்கத்தில் வெளிப்புற எக்ஸ்ட்ராக்டருக்கு மாறியது, ஆனால் புகார்கள் வரவே சில ஆண்டுகளில் பழைய முறைக்கே திரும்பிவிட்டது. விலகுவதில் தவறில்லை, கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விலக வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது மேகசின். பழைய ராணுவ மேகசினின் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல்விளிம்புகள், முன்பக்கம் போகப் போக அகலும். தோட்டாவைப் படிப்படியாக விடுவித்து எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஏற்றிவிடும். அது 230 கிரெயின் எடையுள்ள உருண்டை மூக்குத் தோட்டாவின் நீளத்துக்கு அமைந்த ஏற்பாடு. மூக்கில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் தோட்டா பல சமயம் நீளம் குறைவாகவும் மூக்கு அகலமாகவும் இருக்கும், தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும் ஃப்ரேம் சரிவில் மோதி நிற்கும். உள்ளே தோட்டாவைத் தாங்கும் தகட்டில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதிர்வில் கடைசித் தோட்டா முன்னால் ஓடிவிடாமல் அதுதான் தடுக்கிறது. சில மலிவு மேகசின்களில் இதையும் விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி தகராறு செய்தால் முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள். வில்சன் காம்பாட்டின் 47டி போன்ற நல்ல மேகசின் ஒன்றே பல "கெட்ட" துப்பாக்கிகளை நல்லதாக்கிவிடும்.

குழல் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாக. 4.25 அங்குலக் கமாண்டர் அளவுவரை பெரிய தொந்தரவு வராது. 3 அங்குலத்தில் ஸ்லைடு எடை குறைந்து வேகம் கூடுகிறது, ஸ்பிரிங் இறுக வேண்டியிருக்கிறது, ஸ்லைடு பின்னால் போகும் தூரமும் குறைகிறது. மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தள்ள நேரமே போதாது. முதல் 1911-ஆக இதை வாங்கவே வாங்காதீர்கள்.

இனி கம்பெனிகள். பிலிப்பைன்ஸில் ஆர்ம்ஸ்கார் செய்யும் ராக் ஐலண்டும் துருக்கியில் டிசாஸ் செய்வதும் 500 டாலரை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. பாலிஷ் சுமார்தான், விசை கொஞ்சம் கரகரக்கும். ஆனால் இரண்டிலும் 5 அங்குல ராணுவ மாடல்கள் பழைய அளவுகளை ஒட்டியே வருகின்றன, இடைவெளிகள் தளர்வாக இருக்கும், அழுக்கோடும் ஓடும். அந்த விலைக்கு இவ்வளவு கிடைப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

நடுவில் ஸ்பிரிங்ஃபீல்டு, ரூகர், கோல்ட். ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற பெயரைப் பார்த்து அரசு ஆயுதச்சாலை என்று நினைக்க வேண்டாம். அது மாசசூசெட்ஸில் இருந்தது, 1968-இல் மூடிவிட்டார்கள். இது பின்னால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட, இலினாய்ஸில் இருக்கும் தனியார் கம்பெனி. பிரேசிலின் இம்பெல் ஆலையில் அடித்துருவாக்கிய ஃப்ரேம்களைப் பயன்படுத்திப் பேர் வாங்கியது. ரூகர் 2011-இல் வந்தது, வார்ப்பு ஃப்ரேம். வார்ப்பென்று சிலர் முகம் சுளிப்பார்கள், ரூகரின் வார்ப்பு வேலையில் நான் குறை கண்டதில்லை. கோல்டில் 1983-இல் சீரிஸ் 80 வந்தது. விசையை முழுதாக இழுக்காதவரை சுடும் ஊசியைத் தடுத்து வைக்கும் பாகம் அதில் உண்டு, கீழே விழுந்தாலும் வெடிக்காது. விசையின் மென்மை கொஞ்சம் குறைகிறது என்று சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் வருந்துவார்கள். இடுப்பில் வைத்து நடமாடுகிறவருக்கு அது நல்ல மாற்றம் என்பேன்.

டான் வெஸ்ஸனில்தான் கை வேலை நன்றாகத் தெரியத் தொடங்குகிறது. கொடுக்கும் பணத்துக்கு எனக்கு மிகவும் திருப்தியான கம்பெனி இதுதான். அதற்கு மேலே வில்சன் காம்பாட், நைட்ஹாக், எட் பிரௌன். ஸ்லைடும் ஃப்ரேமும் வெண்ணெய்போல வழுக்கும், காகிதத்தில் துளைகள் ஒட்டி ஒட்டி விழும். ஆனால் இறுக்கமான பொருத்தம் என்பதால் எண்ணெய் வேண்டும், சுட்டுச் சுட்டுப் பழக்கவும் வேண்டும். அந்தப் பணம் துல்லியத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுப்பது. ராணுவ மாடலைவிடப் பல மடங்கு நம்பகம் வரும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

என் கையில் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னால், ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது கோல்டின் 5 அங்குல .45, கூடவே நல்ல மேகசின்கள் மூன்று. வாங்கியதும் ஸ்லைடைக் கழற்றி, மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றை எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் கீழிருந்து நுழைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். விழாமல் நின்றால் சரி. பிறகு ரேஞ்சில் உருண்டை மூக்குத் தோட்டாவில் ஐந்நூறு, அடுத்து நீங்கள் தற்காப்புக்கு வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்டில் இருநூறு. அதில் ஒரே மேகசினில் மட்டும் தகராறு வந்தால் அந்த மேகசினை ஒதுக்குங்கள். எல்லா மேகசினிலும் வந்தால் உத்தரவாதத்தில் திருப்பி அனுப்புங்கள், வீட்டில் அரம் எடுத்துச் சரிவைத் தேய்க்க வேண்டாம். அந்தச் சரிவுக்கும் குழலுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு படி இருந்தாக வேண்டும், அதைத் தேய்த்து மழுப்பிவிட்டால் ஃப்ரேமையே மாற்ற வேண்டிவரலாம். ஸ்லைடை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றுங்கள், பெரிய செலவில்லை.