அண்டார்டிகாவை முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பெயரைச் சொல்வது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வினாடி வினாப் போட்டி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அவள் வைத்திருந்த இரண்டு பொது அறிவு நூல்களில் ஒன்று பெல்லிங்ஷவுசன் என்றும் மற்றொன்று பால்மர் என்றும் விடை கொடுத்திருந்தன. இணையத்தில் தேடியபோது பிரான்ஸ்ஃபீல்டு என்ற மூன்றாவது பெயரும் வந்து சேர்ந்தது. எது சரியென்று அவள் கேட்ட கேள்வியே என்னை இந்த விவகாரத்திற்குள் இழுத்துவிட்டது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டத்தின் பனி விளிம்பை முதலில் பார்த்தவர், நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளின்படி, ரஷ்யக் கடற்படையைச் சேர்ந்த பெல்லிங்ஷவுசன், அதன் மலைகளை, அதாவது நிலமென்று ஐயமின்றிச் சொல்லத்தக்கதை, முதலில் பார்த்தவர் பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்ஸ்ஃபீல்டு. இருவருக்கும் இடையே இருப்பது இரண்டு அல்லது மூன்று நாள்கள் மட்டுமே.

அமெரிக்காவைக் கொலம்பஸ் கண்டுபிடித்தார் என்றால், அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற நியாயமான கேள்வி உடனே எழும். அண்டார்டிகாவில் பூர்வகுடிகள் இல்லாததால் ‘முதலில் யார்’ என்ற கேள்விக்கு இங்கே உண்மையான பொருள் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள ரரோடோங்கா தீவின் வாய்மொழி மரபில் ஹுயி தே ரங்கியோரா என்ற கடலோடி உறைந்த கடலைக் கண்டதாக ஒரு கதை உண்டு. அதை அண்டார்டிகப் பயணமாகக் கொள்வதைப் பாலினேசிய அறிஞர்கள் சிலரே ஏற்கவில்லை என்பதால், நான் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜேம்ஸ் குக் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்டிக வட்டத்தைக் கடந்தார், அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று தெற்கு அட்சரேகை 71 பாகைக்கும் அப்பால் சென்றார். ஆனாலும் நிலத்தைப் பார்க்காமலேயே திரும்பினார். துருவத்தை ஒட்டி நிலம் இருக்கத்தான் வேண்டும் என்று அவர் நம்பினாலும், அதனால் யாருக்கும் பயனில்லை என்றும் எழுதிவைத்தார்.

பால்டிக் கடலில், இன்றைய எஸ்டோனியாவுக்கு உட்பட்ட சாரேமா தீவில் பிறந்த ஜெர்மானிய வம்சாவளியினரான பெல்லிங்ஷவுசன், 1819 ஜூலையில் வோஸ்தோக், மிர்னி என்ற இரு கப்பல்களுடன் க்ரோன்ஷ்டாட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். மிர்னியின் தலைவர் மிகைல் லாசரேவ். 1820 ஜனவரி இறுதியில் தெற்கு அட்சரேகை 69 பாகை 21 கலை அருகே, பெய்துகொண்டிருந்த பனியினூடே வெண்மேகங்களைப் போலத் தெரிந்த பனிக்கட்டிகளைப் பார்த்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இடம் இளவரசி மார்த்தா கரையின் பனித்தட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதே மாலையைப் பற்றி லாசரேவ் பின்னாளில் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் இன்னும் தெளிவானது: வியக்கத்தக்க உயரமுள்ள கெட்டிப்பட்ட பனியை எதிர்கொண்டதாகவும், பாய்மரத்தின் மேலேறிப் பார்த்தபோது அது கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்திருந்ததாகவும் அதில் சொல்கிறார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி நடுப்பகுதியில், செங்குத்தாக உடைந்த விளிம்புகளோடு தெற்கு நோக்கி உயர்ந்துசெல்லும் ‘பனிக் கண்டம்’ ஒன்றைக் கண்டதாகப் பெல்லிங்ஷவுசனின் அறிக்கையும் கூறுகிறது. மிதக்கும் பனிமலைகளையும் இதையும் அவர் வேறுபடுத்தியே எழுதினார் என்பது, என் பார்வையில், அவர் பக்கத்து வாதத்தின் மிக வலுவான பகுதி.

தேதி பற்றியும் ஒரு சிறு குழப்பம் இருக்கிறது. ரஷ்யா அன்று, நம் நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்த ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பெல்லிங்ஷவுசன் குறித்த ஜனவரி 16 நம் கணக்கில் ஜனவரி 28. ஆனால், அன்றைய கடலோடிகள் நண்பகலில் தொடங்கி அடுத்த நண்பகல்வரை ஒரு நாளாகக் கணக்கிடும் வழக்கமும் இருந்ததால், அது உண்மையில் ஜனவரி 27 என்று வாதிடுவோரும் உண்டு. சில நூல்களில் 27 என்றும் சிலவற்றில் 28 என்றும் காண்பதற்கு இதுவே காரணம்; எப்படிக் கணக்கிட்டாலும் அது ஜனவரி 30க்கு முந்தையதே.

அந்த ஜனவரி 30 பிரான்ஸ்ஃபீல்டின் நாள். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்து, இளைஞராக இருந்தபோது பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர் அவர். 1819 பிப்ரவரியில் வில்லியம் ஸ்மித் என்ற வணிகக் கப்பல் தலைவர், தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றும்போது காற்றால் தெற்கே தள்ளப்பட்டு, இன்று தெற்கு ஷெட்லாந்து எனப்படும் தீவுகளைக் கண்டார். சிலியின் வால்பரைசோ துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்மித்தின் வில்லியம்ஸ் கப்பலையே வாடகைக்கு எடுத்து, பிரான்ஸ்ஃபீல்டை அதற்குப் பொறுப்பாக்கி அளவீட்டுக்கு அனுப்பினார். அவர் தீவுகளைத் தாண்டித் தெற்கே வந்து, பனி மூடிய உயர்ந்த மலைகளைப் பார்த்து, வரைபடத்தில் ‘டிரினிட்டி நிலம்’ என்று குறித்தார். அது கண்டத்தோடு இணைந்த தீபகற்பத்தின் வடமுனை. அவருடைய கப்பல் நாட்குறிப்பு காணாமற்போனது; உடன் சென்ற பாய்ன்டர் என்பவரின் குறிப்பேடு 1990களில் நியூசிலாந்தில் கிடைத்த பிறகே அந்தப் பயணத்தின் நேரடிச் சாட்சியம் முழுமையாக வெளிவந்தது.

அமெரிக்கர்கள் முன்வைக்கும் நதானியேல் பால்மரின் உரிமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடல்நாய் வேட்டைக்காக ஹீரோ என்ற சிறு கப்பலில் வந்த 21 வயது இளைஞரான அவர் தீபகற்பத்தைப் பார்த்தது 1820 நவம்பரில். மற்ற இருவருக்கும் பத்து மாதம் பின்னால். 1821 பிப்ரவரி தொடக்கத்தில் அவர் பெல்லிங்ஷவுசனைக் கடலில் சந்தித்தது உண்மை. அந்தச் சந்திப்பில் ரஷ்யத் தளபதி வியந்துபோய் அந்த நிலத்துக்குப் பால்மரின் பெயரையே சூட்டினார் என்பது 1833இல் எட்மண்ட் ஃபானிங் எழுதிய நூலில் வரும் கதை. பெல்லிங்ஷவுசனின் நூலிலோ கடல்நாய்த் தோல் வணிகம் பற்றிய பேச்சு மட்டுமே இருக்கிறது.

இத்தனை தெளிவாக இருந்தும் சண்டை ஏன் நீண்டது என்றால், அது சண்டையிட்டவர்களின் நூற்றாண்டைச் சேர்ந்தது, கப்பலில் போனவர்களின் நூற்றாண்டைச் சேர்ந்ததன்று என்பதே என் எண்ணம். பெல்லிங்ஷவுசனின் நூல் 1831இல் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததோ 1945இல். அதற்குள் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் பகுதிகளைத் தமதென்று அறிவித்திருந்தன. 1949இல் லெனின்கிராடில் கூடிய சோவியத் புவியியல் சங்கம், கண்டத்தை முதலில் கண்டவர்கள் ரஷ்யர்களே, ஆகவே அதன் எதிர்காலம் பற்றிய பேச்சில் தங்களை ஒதுக்க முடியாது என்று அறிவித்தது. முதலில் பார்த்தவர் யார் என்பது வரலாற்றுக் கேள்வியாக இருந்தது போய், பத்திரப்பதிவு அலுவலகத்து மூலப்பத்திரம் போல ஆகிவிட்டது. அந்தத் தீபகற்பத்தை மட்டும் பிரிட்டிஷார் கிரகாம் நிலம் என்றும், அமெரிக்கர்கள் பால்மர் தீபகற்பம் என்றும், சிலியினர் ஓ’ஹிக்கின்ஸ் நிலம் என்றும், அர்ஜென்டினர் சான் மார்ட்டின் நிலம் என்றும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1964இல்தான் ஆங்கிலப் பெயர்களில் உடன்பாடு ஏற்பட்டு, முழுவதற்கும் அண்டார்டிகத் தீபகற்பம் என்றும், வடபாதிக்குக் கிரகாம், தென்பாதிக்குப் பால்மர் என்றும், பாகப்பிரிவினை போலப் பிரித்துக்கொண்டார்கள். 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக ஒப்பந்தம் உரிமைக்கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவைத்ததால், மூலப்பத்திரத்தின் தேவையும் குறைந்தது. (இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரஷ்ய நிலையத்தின் பெயர் நோவோலாசரெவ்ஸ்கயா, மிர்னி கப்பலின் லாசரேவ்தான் அந்தப் பெயருக்கு உரியவர்.)

பெல்லிங்ஷவுசன் பார்த்தது பனியைத்தானே, பனி எப்படி நிலமாகும் என்பது அவருக்கு எதிராக வழக்கமாக எழுப்பப்படும் ஆட்சேபம். அவர் பார்த்த பனித்தட்டு கடல்மேல் மிதப்பது என்பது உண்மை. ஆயினும் அது நிலத்தின் மேலிருந்து வழிந்து வந்து, நிலத்தோடு ஒட்டியே நிற்பது. அண்டார்டிகக் கரையின் பெரும்பகுதி இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பாறையைக் கண்டால்தான் கண்டம் என்று விதி வைத்தால், அங்கே கரையென்று சொல்ல மிகச் சிறு பகுதியே மிஞ்சும். ஆகவே நான் அவருக்கே முதலிடம் தருகிறேன்.

ஆனால் தமிழில் நாம் ‘கண்டுபிடித்தல்’ என்கிறோம். அந்தச் சொல்லில் காண்பது பாதி, பிடிபடுவது மீதி. தாம் பார்த்தது ஒரு கண்டமென்று பெல்லிங்ஷவுசன் தீர்மானமாக அறிவிக்கவில்லை. பிரான்ஸ்ஃபீல்டும், பால்மரும் அறிவிக்கவில்லை. 1821 பிப்ரவரி 7 அன்று சிசிலியா என்ற வேட்டைக் கப்பலின் தலைவர் ஜான் டேவிஸ், கடல்நாய்களைத் தேடித் தம் ஆட்களைத் தீபகற்பத்தின் கரைக்குப் படகில் அனுப்பிவிட்டு, “இந்தத் தென்னிலம் ஒரு கண்டம் என்று நினைக்கிறேன்” என்று அன்றைய குறிப்பில் எழுதினார். படகு இறங்கியது கண்டத்தின் கரையில்தானா என்பதில் சிலருக்கு ஐயம் உண்டு, அந்த வாக்கியத்தில் இல்லை. அந்தக் குறிப்பேடு 1950களில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. என் மகளின் இரண்டு நூல்களிலும் அவர் பெயர் தவறான விடையாகக்கூடக் கொடுக்கப்படவில்லை.