எலக்டிவைத் தொடுவதற்கு முன் கிரெடிட்டை எண்ணுங்கள்

கேள்வி: இந்தியாவில் மூன்று வருட பி.காம். முடித்துவிட்டேன். அமெரிக்காவில் கணக்கியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தம் 30 கிரெடிட் (பாட அளவு அலகு). ஆறு பாடம் கட்டாயம், நான்கு எலக்டிவ் (விருப்பப் பாடம்). சிபிஏ, அதாவது அமெரிக்காவில் உரிமம் பெற்ற கணக்காளர், ஆக வேண்டும் என்பது திட்டம். எந்த எலக்டிவ் எடுக்கலாம்? டேட்டா அனலிடிக்ஸ் எடுத்தால் ஸ்டெம் நீட்டிப்பு (அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கான கூடுதல் வேலை அனுமதிக் காலம்) கிடைக்குமாமே?

பதில்: எலக்டிவ் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதற்கு முன் ஒரு கூட்டல் இருக்கிறது. சிபிஏ உரிமத்துக்கு வழக்கமாகக் கேட்பது 150 கிரெடிட். நம் மூன்று வருடப் பட்டத்தைப் பல மதிப்பீடுகளில் 90 என்றுதான் போடுவார்கள். 90, 30, ஆக 120. இன்னும் 30 துண்டு விழுகிறது. ஒஹாயோ போன்ற பல மாநிலங்கள் இளங்கலையோடு இரண்டு வருட அனுபவம் இருந்தால் போதும் என்று மாற்றுவழி கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் உங்கள் பி.காமை அங்கே முழு இளங்கலையாக ஏற்பார்களா என்பது தனிக் கேள்வி. எந்த மாநிலத்தில் உரிமம் வாங்கப்போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்து, பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதியும் வேறு. டெக்சாஸ் என்றால் தொழில்நெறிக்கென்று 3 கிரெடிட் பாடம் கேட்பார்கள். அது உங்கள் கட்டாய ஆறில் இல்லையென்றால் ஒரு எலக்டிவ் அங்கேயே போய்விட்டது.

சரி, மிச்சத்துக்கு வருவோம். 2024 ஜனவரி முதல் சிபிஏ தேர்வில் நிதிக் கணக்கியல், ஆடிட், வரி ஆகிய மூன்று தாள்கள் எல்லோருக்கும் பொது. நான்காவது நம் விருப்பம்: பிஏஆர் (வணிகப் பகுப்பாய்வும் அறிக்கையும்), ஐஎஸ்சி (தகவல் அமைப்புகளும் கட்டுப்பாடுகளும்), டிசிபி (வரி இணக்கமும் திட்டமிடலும்) மூன்றில் ஒன்று. எதில் பாஸானாலும் உரிமம் ஒன்றுதான். பிஏஆர் என்றால் மேல்நிலை நிதிக் கணக்கியலும், யாரும் சீண்டாத அரசுக் கணக்கியலும் கைகொடுக்கும். ஐஎஸ்சிக்கு தகவல் அமைப்பு ஆடிட். டிசிபிக்கு வரிப் பாடங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு இடத்தை வரிக்கே கொடுங்கள். நீங்கள் படித்த வருமான வரி இந்தியச் சட்டம். அங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், பொதுத் தாளிலும் வரி தப்பாது. கார்ப்பரேட் வரி ஒன்று, வரி ஆய்வு இன்னொன்று. வரி ஆய்வில் ஒரு பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் கதையைக் கொடுப்பார்கள். எந்தப் பிரிவு பொருந்தும், எந்தத் தீர்ப்பு எதிராக நிற்கிறது என்று தேடிப் பிடித்து மெமோ எழுத வேண்டும். மதிப்பெண் லேசில் வராது, அதனால்தான் பலர் ஒதுங்குகிறார்கள். வரிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தால் செய்யப்போவதும் இதேதான்.

அனலிடிக்ஸ் நல்ல பாடம், எடுங்கள். ஆனால் அதனால் ஸ்டெம் வராது. படிப்புக்குப் பின் வேலை செய்யத் தரும் 12 மாத அனுமதிக்கு (ஓபிடி) மேல் 24 மாத நீட்டிப்பு கிடைக்குமா என்பதை முடிவு செய்வது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் இருக்கும் பாடப்பிரிவுக் குறியீடு. சில இடங்களில் அதே பட்டத்தின் அனலிடிக்ஸ் பிரிவுக்கு மட்டும் ஸ்டெம் குறியீடு இருக்கும். சேரும் முன்பே கேளுங்கள்.

அப்புறம், எந்த எலக்டிவ் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வரி ஆய்வு வசந்த செமஸ்டரில் மட்டும் நடந்து, அதற்கு முன்தகுதி கார்ப்பரேட் வரி என்றால், ஒரு வருடப் படிப்பில் முதல் செமஸ்டரிலேயே கார்ப்பரேட் வரியை எடுத்தாக வேண்டும்.