படித்தால் புரியும் ஆங்கிலம் பேசும்போது மட்டும் ஏன் வருவதில்லை?

கேள்வி: தேவிபட்டினத்தில் என் கணவர் நடத்தும் மருந்துக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 41. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வேன்; ஆனால் இங்கே கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்துக்கு வரும் வெளிமாநிலத்தவர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் வாயடைத்துப் போகிறது. இந்த வயதில் பேச வருமா? வகுப்பில் சேர வேண்டுமா?

பதில்:

வரும். நான் ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கும் சரக்கு அனுப்பும் வேலையும் பார்க்கிறேன். முப்பத்திரண்டு வயது வரை விசைப்படகில் கடலுக்குப் போனவன்; வாய் திறந்து ஆங்கிலம் பேசியது அதற்குப் பிறகுதான்.

ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள சங்குக் கடைகளில் நின்று கவனித்திருப்பீர்கள். இந்தியில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர்கள், வடநாட்டு யாத்ரீகர்களிடம் இந்தியில் விலை சொல்லி, பேரம் பேசி, பொருளைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் படித்த நாமோ ஒரு வாக்கியத்துக்குத் திணறுகிறோம். அவர்கள் இந்தி மொழியைக் கற்கப் புறப்படவில்லை. தங்கள் கடைக்கு வேண்டிய முப்பது, நாற்பது வாக்கியங்களை மட்டும் வாயாலும் காதாலும் பிடித்துக்கொண்டார்கள். நம்முடைய ஆங்கிலம் கண் வழியாக வந்து, தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது.

எனக்கு இது ஒரு நட்டத்துக்குப் பிறகே உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரக்கு வாங்குபவர் ஒருவர் தொலைபேசியில் பதினைந்து பெட்டி நண்டு கேட்டார்; நான் அதை ஐம்பது என்று எடுத்துக்கொண்டு, ஐம்பது பெட்டிக்கும் ஐஸ் போட்டு லாரியில் ஏற்றிவிட்டேன். சந்தேகம் வராமல் இல்லை. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ள ‘எஸ் சார், எஸ் சார்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான் தவறு.

‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் தனியாகச் சொல்லும்போது, முன்னதில் அழுத்தம் கடைசி அசையிலும் பின்னதில் முதல் அசையிலும் விழும். தமிழில் அசையழுத்தம் மாறுவதால் மட்டும் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. ஆகவே நம் காது அதைத் தேடிப் பழகவில்லை. போதாக்குறைக்கு, பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து ‘ஃபிஃப்டீன் பாக்ஸஸ்’ என்று ஆகும்போது அந்த அழுத்தமும் பெரும்பாலும் முதல் அசைக்கே நகர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த எண்களில் குழம்புவதுண்டு. குறில் நெடில் பிரித்துக் கேட்கும் காது நமக்கு இருப்பதால், முடிவில் வருவது ‘டீன்’ என்ற நெடிலா, ‘டி’ என்ற குறிலா என்று கவனிப்பது ஓரளவு உதவும். ஆனாலும் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. உங்கள் கடையில் அது 15 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்ற கேள்வியாக வந்து நிற்கும்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, ‘இதற்கெல்லாம் கப்பலில் வழி வைத்திருக்கிறார்கள், அண்ணே’ என்றான். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001ஆம் ஆண்டில் கடல்சார் தகவல் தொடர்புக்கென ஒரு நிலையான சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பல நாட்டு மாலுமிகள் குழப்பமின்றிப் பேசிக்கொள்வதற்காக எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம் அது. அதில் எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். 150 என்பது ‘ஒன் ஃபைவ் ஜீரோ’. சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘ஸே அகெய்ன்’ என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டால் ‘மிஸ்டேக்’ என்று நிறுத்தி, ‘கரெக்ஷன்’ என்று திருத்தத்தைச் சொல்ல வேண்டும். தேவைப்படும் இடத்தில், சொல்லப்போவது கேள்வியா எச்சரிக்கையா வேண்டுகோளா என்பதை முதல் சொல்லிலேயே அறிவித்துவிடலாம். கேட்கவில்லை என்று சொல்வதில் அங்கே எந்த மாலுமிக்கும் வெட்கம் கிடையாது. அப்படிச் சொல்வதுதான் விதி.

அன்றிலிருந்து நானும் ‘ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன் பாக்ஸஸ், கரெக்ட்?’ என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினேன். எதிர்முனையில் இருப்பவர் ஒருநாளும் சிரித்ததில்லை. என்னைக் கவனமான ஆள் என்றே நினைத்தார். எனவே நீங்களும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை, புரியாதபோது சொல்ல வேண்டிய வாக்கியங்களே. ‘ஸாரி, ப்ளீஸ் ஸே இட் ஸ்லோலி’, ‘கேன் யூ ஷோ மீ த பிரிஸ்க்ரிப்ஷன்?’ ஆகிய இரண்டும் நாக்கில் நின்றுவிட்டால், எதிரில் நிற்பவரைப் பார்த்து வரும் பயம் பாதி குறைந்துவிடும். (மருந்துச் சீட்டை வாங்கிவிட்டால் நீங்கள் பலமாக இருக்கும் படிப்பின் பக்கம் வந்துவிடுகிறீர்கள் அல்லவா!)

அடுத்தது உங்கள் கடையின் வாக்கியங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வருவதால் எங்களுக்கு வேலை குறைவு. அந்த ஓய்வில், பகலில் தொலைபேசியில் நான் தமிழில் பேசியவற்றை ஒரு நோட்டில் எழுதி, அவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, தமிழ் எழுத்திலேயே குறித்துவைத்தேன். இரவில் கடற்கரையில் நடந்தபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. உதடும் நாக்கும் பழக வேண்டும். உங்கள் நோட்டில் ‘ஒன் டேப்லெட், ட்வைஸ் எ டே, ஆஃப்டர் ஃபுட்’, ‘வீ டோண்ட் ஹேவ் திஸ் பிராண்ட்’ போன்ற இருபது, இருபத்தைந்து வாக்கியங்கள் வரலாம். அதற்கு மேல் உங்கள் கடையில் அன்றாடம் என்ன பேசப்போகிறார்கள்?

ஒரு சிக்கலை மட்டும் விளக்கிவிடுகிறேன். ‘இருக்கிறதா’ என்பதில் கேள்வியைக் காட்டும் ‘ஆ’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் கேள்வி வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கிறது. தமிழில் முழு வாக்கியத்தையும் மனதில் கட்டிவிட்டு மொழிபெயர்க்கப் போனால், கடைசிச் செங்கல்லை எடுத்து முதலில் வைக்க வேண்டியிருக்கும். தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. அதனால் ‘டூ யூ ஹேவ்’, ‘டூ யூ வான்ட்’, ‘கேன் யூ’ என்ற தொடக்கங்களை ஒரே சொல்போல வாயில் பழக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மருந்தின் பெயரோ பொருளின் பெயரோ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ‘எ’ (a), ‘த’ (the) விடுபட்டுப் போவதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். எனக்கு இன்றும் விடுபடுகிறது, நண்டு போய்ச் சேராமல் இல்லை.

இந்த முறையால் வராதது ஒன்று உண்டு. வேலைப் பேச்சு முடிந்தபின் சரக்கு வாங்குபவர் மழையைப் பற்றியோ மகளின் திருமணத்தைப் பற்றியோ பேசத் தொடங்கினால் நான் இப்போதும் பாதியில் நின்றுவிடுவேன். அதற்கு வேறு பழக்கம் வேண்டும். தினமும் சிறிது நேரம் வானொலியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, கேட்டதைத் தமிழிலாவது யாருக்காவது சொல்லிப் பார்ப்பது எனக்குச் சற்று உதவுகிறது.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் போய் உட்கார்ந்து, ஒருவருக்கு எத்தனை நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் இருபது பேர் இருந்து, ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், உங்கள் பங்கு மூன்று நிமிடம்தான். நவபாஷாணத்துக்குக் கூட்டம் வரும் ஆடி அமாவாசை அன்று கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் அதைவிட அதிகம் பேசிவிடுவீர்கள். அந்த நாளுக்குள் நோட்டில் பத்து வாக்கியமாவது சேர்த்துவிடுங்கள்.