பெர்னினா எக்ஸ்பிரஸில் இடம் இல்லையென்றால் என்ன?

கேள்வி: சூரிக்கில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க ஜூன் மாதம் போகிறோம். என் தாயாருக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. அவரை ஆல்ப்ஸ் மலை ரயிலில் ஒருமுறையாவது அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஊர்ப் பயண முகவர், “பெர்னினா எக்ஸ்பிரஸ் நிரம்பிவிட்டது, எங்கள் இரண்டு நாள் பேக்கேஜில் மட்டும்தான் இடம் இருக்கிறது. வண்டி இத்தாலியில் போய் முடிவதால் அதற்குத் தனி விசாவும் எடுக்க வேண்டும்” என்கிறார். ஊட்டி ரயிலில் இருப்பதுபோல் பல்சக்கரம் இதில் கிடையாதாமே, அம்மாவுக்கு அதுவும் பயம். என்ன செய்யலாம்? – கோவை வாசகர்

பதில்: முதலில், முகவருக்குப் பணம் எதுவும் கட்டாதீர்கள். நீங்கள் ஆசைப்படும் பயணத்துக்கு அந்தப் பேக்கேஜ் தேவையே இல்லை.

பெர்னினா எக்ஸ்பிரஸ் என்பது ஒரு வண்டியின் பெயர், பாதையின் பெயர் அல்ல. அந்த வண்டி ஓடும் பெர்னினா பாதை, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை சுமார் 61 கிலோமீட்டர் போகும் மீட்டர்கேஜ் பாதை. ரேட்டியன் ரயில்வே என்ற நிறுவனம் அதை நடத்துகிறது. அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், அதே பனிமலையை ஒட்டி உள்ளூர் வண்டிகள் பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று வீதம் ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவு வேண்டாம். டிக்கெட்டோ பயண அட்டையோ கையில் இருந்தால் ஏறி உட்காரலாம். எக்ஸ்பிரஸுக்கு மட்டும்தான் டிக்கெட்டுக்கு மேல் இருக்கைச் சீட்டு கட்டாயம். அதன் கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். “நிரம்பிவிட்டது” என்று முகவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். நிரம்பியது கூரைவரை கண்ணாடி போட்ட சில பெட்டிகள்தான். மலை நிரம்பிவிடவில்லை.

எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடிகளைத் திறக்க முடியாது. படம் எடுத்தால் எதிர்வரிசைக்காரரின் சட்டையும் சேர்ந்து விழும். பல உள்ளூர் வண்டிகளில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் இருக்கும். கூட்டம் இல்லாதபோது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறி உட்காரலாம். திரானோவை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் பிடியுங்கள். மொர்தெராட்ச் பனியாறும் லாகோ பியாங்கோ ஏரியும் அந்தப் பக்கம்தான் வரும்.

இத்தனை வருடங்களில் நான் பார்த்த ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பயண அட்டை வாங்கிய குடும்பத்திடம் அதே பாதைக்கு முழு டிக்கெட்டையும் விற்றுவிடுவார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயண அட்டை இருந்தால் திரானோ வரை தனி டிக்கெட்டே தேவையில்லை. எக்ஸ்பிரஸில் ஏறுவதானால் இருக்கைச் சீட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் ரசீதில் “பனோரமிக் அனுபவக் கட்டணம்” என்று ஒரு தொகை இருந்தது. எதற்கு அந்தத் தொகை என்று கேட்டால் விற்ற ஆளுக்கே தெரியவில்லை.

முகவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. டிராவல் பாஸ், ஹாஃப் ஃபேர் கார்டு, சேவர் டே பாஸ் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பெயர் வைத்து, டிக்கெட் வேறு, இருக்கைச் சீட்டு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நிமிடம் தவறாமல் வண்டி விடத் தெரிந்த நாட்டுக்கு, வெளியூரிலிருந்து வரும் ஒரு வயதான அம்மாவுக்குப் புரியும்படி ஒரு சீட்டு அச்சடிக்கத் தெரியாதா? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். உங்களுக்கு மகள் அங்கேயே இருப்பது பெரிய வசதி. ஏதாவது ஒரு பெரிய ரயில் நிலையக் கவுன்டருக்கு நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். டிராவல் பாஸ் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது, ஆகவே மகளுக்கு அது கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும்.

இத்தாலிக்குத் தனி விசா என்பது வெறும் பயமுறுத்தல். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுதான் ஷெங்கன் பகுதி. சுவிட்சர்லாந்து 2008 முதல் அதில் இருக்கிறது, இத்தாலியும் அதில்தான் இருக்கிறது. ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவே இரண்டுக்கும் போதும். இத்தாலிக்குள் போய்த் திரும்பினால் விசா தீர்ந்துவிடாது. அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், உங்களுக்கு அது சுவிட்சர்லாந்து. எல்லையில் சில சமயம் சோதனை நடக்கும். நகல் உதவாது, அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

திரானோவில் ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பலர் அபராதம் கட்டுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தச் சிற்றூரில் இரண்டு ரயில் நிலையங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று ரேட்டியன் ரயில்வேயுடையது. உங்கள் சுவிஸ் அட்டை அந்த நடைமேடையோடு முடிந்துவிடும். மற்றது இத்தாலிய ரயில்வேயின் நிலையம், மிலான் வண்டி அங்கிருந்துதான் புறப்படும். சில எட்டுகள் நடந்தால் போதும் என்பதால் அதே அட்டையோடு மிலான் வண்டியிலும் ஏறிவிடுகிறார்கள். அட்டை அங்கே செல்லாது, இத்தாலிய டிக்கெட் தனியாக வாங்க வேண்டும். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். திரானோவிலிருந்து சுவிட்சர்லாந்தின் லுகானோ போகும் பஸ் பெரும்பாலும் இத்தாலிக்குள்தான் ஓடுகிறது, ஆனால் அதில் சுவிஸ் அட்டை செல்லும். பஸ்ஸில் செல்கிறதே, ரயிலிலும் செல்லும் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பஸ்ஸுக்கு இருக்கைச் சீட்டு வேண்டும், ஆண்டு முழுவதும் அது ஓடுவதில்லை.

இனி அம்மாவின் பயம். பெர்னினா பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம், 100 மீட்டர் நீளத்துக்கு 7 மீட்டர் உயரம். ஊட்டிப் பாதையின் பல்சக்கரப் பகுதியில் அது 8 மீட்டருக்குச் சற்று மேல். நீராவி எஞ்சினில் இழுக்கும் சக்கரங்கள் சில மட்டுமே, வழுக்கினால் பிடித்து நிறுத்தப் பல் வேண்டும். 1908 முதல் 1910 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட பெர்னினா பாதையோ முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடுகிறது. மோட்டார்கள் பல அச்சுகளில் பரவியிருப்பதால் பல சக்கரங்கள் ஒரே நேரத்தில் பிடித்து ஏறுகின்றன. இறங்கும்போது அதே மோட்டார்கள் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் உதவுகின்றன, அவை தவிர வேறு பிரேக்குகளும் உண்டு. ப்ரூசியோவில் சரிவு கட்டுக்கு மீறாமல் இருக்க, ஒன்பது கல் வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் வண்டி ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாதையின் அடியிலேயே நுழைந்து வெளியே வரும். நூறு ஆண்டுக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள், தைரியம் வரும். உயரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். பாதையின் உச்சியான ஒஸ்பித்ஸியோ பெர்னினா 2253 மீட்டர். ஊட்டி ரயில் நிலையத்தைவிட 50 மீட்டர் போலத்தான் அதிகம். குளிர் மட்டும் வேறு மாதிரி இருக்கும், ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது முழங்கால்தான். சூரிக்கிலிருந்து திரானோ போய் ஒரே நாளில் திரும்பினால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதைச் செய்யாதீர்கள். செயின்ட் மோரிட்ஸிலோ பொன்ட்ரெசினாவிலோ ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை உள்ளூர் வண்டியில் ஆல்ப் க்ரூம் வரை, சுமார் ஒரு மணி நேரம். 2091 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நிலையத்துக்குக் கார் பாதையே கிடையாது. நிலையக் கட்டடத்திலேயே உணவகம் இருக்கிறது, ஆகவே அம்மா நடக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாலூ பனியாறு, கீழே பொஸ்கியாவோ பள்ளத்தாக்கு. சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அவருக்குத் தெம்பிருந்தால் அடுத்த வண்டியில் கீழே திரானோவுக்கு இறங்குங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். முன்பதிவு இல்லாததால் அதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

முகவரிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பயணத் தேதி, வண்டி எண், இருக்கை எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு வாரத்தில் தராவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.