கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி படிக்கிறேன். களப்பயிற்சிக்கு நார்தர்ன் டெரிட்டரியில் நகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஓர் அபோரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வகுடி) கிராமத்துக்குப் போகிறேன். கண்ணைப் பார்த்துப் பேசுவது, கேள்வி கேட்டு விவரம் வாங்குவது என்று வகுப்பில் பழகியதெல்லாம் அங்கே போதுமா?
– ஒரு வாசகி, டார்வின்

பதில்: சிலவற்றை அங்கே ஓரம் வைக்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு நேரே பார்ப்பது, அதுவும் பெரியவர்களிடம், பல இடங்களில் மரியாதைக் குறைவாகப் படும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

அதைவிட முக்கியம் கேள்விகள். "கிளினிக் போனீர்களா? மாத்திரை போட்டீர்களா? வீட்டில் பிரச்சினை இல்லையே?" என்று அடுக்கினால் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றே பதில் வரலாம். அது சம்மதமும் இல்லை, பொய்யும் இல்லை. அதிகாரம் உள்ளவர் எதிரில் பேச்சைச் சுமுகமாக முடித்துக்கொள்ளும் வழி. நீதிமன்ற விசாரணைகளில் இதனால் எவ்வளவு அநியாயம் நடக்கிறது என்று மொழியியலாளர் டயானா ஈட்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த "ஆமாம்"களை வைத்துப் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். முதலில் நீங்கள் எந்த ஊர், யார் பிள்ளை என்று சொல்லுங்கள், அப்புறம் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீளும், நீளட்டும். யோசிக்கிறார்கள், அல்லது இதைச் சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டா என்று பார்க்கிறார்கள்.

பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. சம்மதம் வாங்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும், பேத்தியை வைத்து ஒப்பேற்றக் கூடாது. வரும் மொழிபெயர்ப்பாளர் அந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு என்பதையும் விசாரியுங்கள், ஏனென்றால் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் பல சமூகங்களில் இன்றும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் உங்கள் வேலையைத் தள்ளிப்போடுங்கள். இறந்தவர் பெயரை வாயில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 'வெல்ஃபேர்' (அரசின் நலப்பணி) என்ற பெயரில் வந்தவர்கள்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கொடுமையை விசாரித்த அறிக்கை 1997-இல் வந்தது, பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-இல்தான். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அதனால் போனதும் நோட்டைத் திறக்காதீர்கள். எழுதும் முன் அனுமதி கேளுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். எந்த வீட்டுக்கு எப்போது போகலாம் என்பதை, அந்த ஊர்க்காரரான அபோரிஜினல் பணியாளர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.