என் பாட்டுக்கு மட்டும் பதில் இல்லை

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். எனக்கு 67 வயது. திருநெல்வேலியிலிருந்து 1979இல் வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து, ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மனைவியுடன் செம்பூரில் வசிக்கிறேன். பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். வீட்டில் குறையொன்றும் இல்லை. எனக்கு மனவேதனை என் நண்பர்களால்தான். இந்த வயதில் இதற்கெல்லாம் ஆலோசனை கேட்பதா என்று என் மனைவி சிரிக்கிறார். ஆனால் மூன்று மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

வந்த புதிதில் மாட்டுங்காவில் ஓர் அறையில் நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருந்தோம். மெஸ்ஸில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையானால் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம். அந்த நாளில் இங்கே தமிழ்ப் பாட்டுக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. தூத்துக்குடியிலும் நெல்லையிலும் இலங்கை வானொலியைப் பக்கத்து வீட்டுப் பேச்சுப் போலத் தெளிவாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, விவித பாரதியின் இந்திப் பாட்டுகளே இங்கே துணை. ஊருக்குப் போகிறவன் எல்லோருடைய பட்டியலையும் வாங்கிக்கொண்டு போய், ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 90 நிமிடக் கேசட்டில் பதிந்து, சென்னை வந்து தாதர் எக்ஸ்பிரஸில் கொண்டு வருவான். அதில் யாருடைய பாட்டு எத்தனை என்பதற்கும் சண்டை போட்டிருக்கிறோம். அதெல்லாம் அன்பான சண்டை.

2020 ஊரடங்கில் எட்டுப் பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். நாளுக்கு ஒருவர் ஒரு பழைய பாட்டை அனுப்பி, அதோடு சேர்ந்த நினைவை நாலு வரி எழுத வேண்டும் என்பது வழக்கம். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கடந்த ஆடி மாதம் நான் ஒரு டூயட் பாட்டை அனுப்பி, பி.பி. ஸ்ரீனிவாஸும் ஜிக்கியும் பாடியது என்று எழுதியிருந்தேன். யூடியூபில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். சிறிது நேரத்தில், இப்போது புனேயில் இருக்கும் நண்பர், "இது ஏ.எம். ராஜா. உமக்குக் காது போய்விட்டதா?" என்று எல்லோரும் பார்க்க எழுதினார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். மற்றொருவர் ஜெமினி கணேசனுக்கு எந்த ஆண்டு வரை யார் பாடினார்கள் என்று வகுப்பே எடுத்தார். அன்று இரவு வரை அதே பேச்சு. தனியாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நாற்பது வருட நட்புக்கு அவ்வளவு மரியாதைகூட இல்லையா?

அதிலிருந்து என் பாட்டுகளுக்கு யாரும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி. புனே நண்பர் எதை அனுப்பினாலும் பத்தி பத்தியாகப் புகழ்ச்சி. ஆகஸ்டில் சண்முகானந்தா அரங்கில் பழைய பாடல்களின் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பால்கனிப் படியேறிப் போய், அங்கிருந்து படம் எடுத்து அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்தான். யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று நடுராத்திரியில் எழுந்து போனைப் பார்க்கிறேன். பார்க்கிறார்கள், பதில்தான் இல்லை. பாடகர் பெயரை மாற்றி எழுதியது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டோம்பிவிலியில் இருக்கும் நண்பர் இப்போது குழுவில் எதுவும் அனுப்புவதில்லை. எங்களில் முதலில் கல்யாணம் செய்துகொண்டவர் அவர்; குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான். ஆடியில் அவர் மனைவி தவறிவிட்டார். அன்றைக்கு மழையில் குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் ஓடவில்லை. காரியத்துக்குப் போகலாம் என்றால் எனக்கு முழங்கால் வலி. மதினி நன்றாகப் பாடுவார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போட்டுவிட்டு, நாங்கள் கேட்டால் இரண்டு பேருமாகப் பாடுவார்கள். மதினி நினைவாகத்தான் அந்தப் பாட்டையே நான் அனுப்பினேன். அதைக்கூட இவர்கள் மதிக்கவில்லை. அது போகட்டும்.

நான் குழுவிலிருந்து விலகிவிடலாமா? அல்லது புனே நண்பரிடம் நேராகவே கேட்டுவிடலாமா? தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
செம்பூர், மும்பை

---

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாடகரைப் பற்றிய வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெமினி கணேசனுக்கு ஐம்பதுகளில் ஏ.எம். ராஜாவும் அறுபதுகளில் பி.பி. ஸ்ரீனிவாஸும் பாடினார்கள், இருவருமே குரலை உயர்த்தாமல் மென்மையாகப் பாடுகிறவர்கள், இவரை அவரென்று எழுதுவது யாருக்கும் நேரக்கூடியது. உங்கள் நண்பர் அதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அதன் முதல் வரியை ஓரிடத்திலும் எழுதவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

உங்கள் கடிதத்தில் பாட்டுச் சண்டை முன்னால் வருகிறது. டோம்பிவிலி நண்பரின் மனைவி இறந்தது, சம்பந்தமில்லாத செய்தியாக, கடைசியில் வருகிறது. இவற்றை நடந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட மதினி தவறிவிட்டார். நீங்கள் போகவில்லை. போவதற்குப் பதிலாக, அவர்கள் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டை, எட்டுப் பேரும் பார்க்கும் இடத்தில் அனுப்பினீர்கள். அந்தப் பாட்டின் கீழேதான், அன்று இரவு வரை, அதைப் பாடியது ராஜாவா ஸ்ரீனிவாஸா என்று எல்லோரும் வாதாடியிருக்கிறீர்கள்.

துக்க வீட்டில், வந்தவர்கள் போனபின், அந்த மனிதர் போனைத் திறந்திருப்பார். தம் மனைவி பாடிய பாட்டு அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே அவர் மனைவியைப் பற்றி யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. ஜெமினி கணேசனைப் பற்றி எழுதியதைச் சொன்னீர்கள். இதில் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. புனே நண்பரும் வகுப்பு எடுத்தவரும் சிரிக்கும் பொம்மை போட்டவரும் அந்த வீட்டில் உட்கார்ந்து உண்டவர்கள்தாம். ஆனால் கடிதம் எழுதியவர் நீங்கள் என்பதால், உங்களிடம்தான் நான் பேச முடியும்.

பாட்டை அனுப்பியது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் தலைமுறை ஆண்கள், வாயால் சொல்ல வராத பலவற்றைப் பாட்டை வைத்தே சொல்லி வந்திருக்கிறார்கள். காதலையும் ஊர் ஏக்கத்தையும் அந்த மாட்டுங்கா அறையில் நீங்கள் ஒருவருக்கொருவர் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? கேசட்டுப் பட்டியலில் ஒருவன் எந்தப் பாட்டை எழுதிக் கொடுத்தான் என்பதைக் கொண்டே அவன் மனநிலையை மற்றவர்கள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நாற்பது ஆண்டுகள் உங்களுக்குக் கைகொடுத்த வழி, மரணம் நடந்த வீட்டின் வாசலில் கைகொடுக்கவில்லை. அங்கே ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்தானே நீங்களும்.

ரயில் ஓடாதது உங்கள் கையில் இல்லை. சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்ணீர் நின்றால் இந்த ஊரில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முழங்கால் வலியைத்தான் என்னால் அப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்; ஆகஸ்டில் பால்கனிப் படியேறிப் பாட்டுக் கேட்கப் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று உங்களைத் தடுத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அழுதுகொண்டிருக்கும் நண்பனிடம் என்ன பேசுவது என்ற பயமாக அது முதலில் இருந்திருக்கலாம். பாட்டுச் சண்டைக்குப் பிறகு, எந்த முகத்தோடு போவது என்ற கூச்சமாக அது மாறியிருக்கலாம். புனே நண்பர் மேல் கோபமாக இருக்கும் வரை டோம்பிவிலியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கோபம் மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை.

"பார்க்கிறார்கள், பதில்தான் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நண்பர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். ஆனால் அன்று நீங்கள் அனுப்பிய பாட்டுக்கு ஒருவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் எழுதவில்லை. அன்றிலிருந்து நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் பதில் வருகிறதா என்று நடுராத்திரியில் எழுந்து பார்க்கிறீர்கள். மற்ற ஆறு பேரும் பக்கம் பக்கமாக எழுதினாலும் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. "என் பாட்டு அவரைப் புண்படுத்திவிட்டதா?" என்ற கேள்விதான் உங்களை எழுப்புகிறது. அதை என்னிடம்கூட நீங்கள் கேட்கவில்லை.

எனக்கும் அதற்கு விடை தெரியாது. ஆனால் அவருடைய மௌனத்தைக் கோபம் என்று முடிவு செய்ய வேண்டாம். நாம் ஏறக்குறையப் பத்து வயது முதல் முப்பது வயது வரை கேட்ட பாட்டுகளும் அந்தக் காலத்து நினைவுகளும்தான் முதுமையிலும் மற்றவற்றைவிட அழுத்தமாக நிற்கின்றன என்பது உளவியல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிய வந்த செய்தி. பழைய பாட்டு நமக்கு அந்தக் காலத்தையே எழுப்பிக் கொடுப்பது அதனால்தான். அதே பாட்டு உங்களுக்கு மாட்டுங்கா அறையையும் சிநேகிதர்களையும் கொண்டு வரும்போது, அவருக்குப் புதுக் குடித்தனத்தையும் எதிரே உட்கார்ந்து பாடிய மனைவியையும் கொண்டு வரும். துக்கத்தில் இருக்கும் பலர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், பாட்டையே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அது யார் மேலும் உள்ள கோபம் அன்று. கேட்கத் தாங்குவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் குறிப்பிட்ட ராஜாவும் ஜிக்கியும் கணவன் மனைவி. 1989இல் ராஜா ரயில் விபத்தில் இறந்தார்; ஜிக்கி அதன் பிறகு 2004 வரை வாழ்ந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அவர்கள் சேர்ந்து பாடிய டூயட்டுகளை வானொலி ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. நாமும் கேட்டு மகிழ்ந்துகொண்டே இருந்தோம். அவற்றைக் கேட்க நேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று, ராஜாவின் குரலை இவ்வளவு காலம் நேசித்த நான், உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரை எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அவருக்குப் பாட்டு ஆறுதலாகவே இருந்திருக்கலாம்; அதன் கீழே நடந்த பேச்சுதான் அவரை விலக்கியிருக்கலாம். அல்லது இரண்டுமே இல்லாமல், குழுவை ஆரம்பித்தவன் வாய் மூடி மூன்று மாதம் ஆகியும் எவனும் போன் செய்து ஏன் என்று கேட்கவில்லையே என்று அவர் காத்திருக்கலாம். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. தம் பாட்டைப் பார்த்தவர்கள் யார் என்பதை இவ்வளவு கவனமாகக் கவனிக்கும் நீங்கள், பாட்டே அனுப்பாமல் போனவரைப் பற்றிக் கேட்கவில்லை. மதினிக்கு என்ன நோய், கடைசி நாட்களில் எங்கே இருந்தார், இப்போது நண்பருக்கு யார் சமைக்கிறார்கள் என்பவற்றில் ஒன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருவேளை உங்களுக்கே தெரியாதோ என்னவோ.

ஆகவே போய் வாருங்கள். செம்பூரில் ஏறிக் குர்லாவில் மாறினால் டோம்பிவிலி. கூட்டம் குறைந்த நண்பகலில் போகலாம். உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். மதினியைப் பற்றிப் பேச அவருக்கு உங்களைவிட எளிதாக வாய் வரும். வருகிறோம் என்று மட்டும் போனில் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் போனில் வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் துக்கம் கேட்கப் போவதா என்று தயங்க வேண்டாம். காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்து போன பிறகுதான் பல வீடுகளில் துக்கம் முழுதாகத் தெரிய வருகிறது. அந்த நேரத்தில் வருகிறவர்கள் மிகக் குறைவு.

அங்கே போனதும் பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால், "அதெல்லாம் ஒன்றுமில்லைப்பா" என்று உங்களைத் தேற்றும் வேலை அவர் தலையில் விழும். புனே நண்பரின் பேச்சையும் எடுக்க வேண்டாம். மதினிக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை சொன்னாலும் கேளுங்கள். பாட்டைப் பற்றி அவராகப் பேச்செடுத்தால், நேரில் வராமல் அதை அனுப்பியது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் சாப்பிடுவது குறைந்து, ஆட்களைப் பார்க்கவே வெறுத்து, வாழ்ந்து என்ன பயன் என்ற தொனியில் பேசினால், அவர் பிள்ளைகளிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள். முதல் முறை அவர் சரியாக முகம் கொடுக்காமல் போகலாம். அப்படியானால் அடுத்த மாதம் மறுபடியும் போங்கள்.

குழுவிலிருந்து விலகுவதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. டோம்பிவிலிக்குப் போய் வந்த பிறகும் புனே நண்பரின் பேச்சு உங்களைத் தூங்க விடவில்லையென்றால் மீண்டும் எழுதுங்கள். அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆலோசகர்